அப்புத்துரை முதலாளியின் இருமல்

நெஞ்சுக்குள்ளிருந்து ஏறி வந்த இருமலை நாகபூசணி ரீச்சர் பல்லைக் கடித்துத் தொண்டையிலேயே மறித்துவிட்டாள். மறித்ததுதான் தாமதம், கண் இரண்டும் கலங்கி, காதுக்குள் வண்டு இரைந்தது.

பிள்ளைகள் பள்ளி விறாந்தையில் நாற்பத்துமூன்று பிள்ளைகள் பாய்களில் கிடந்தார்கள். அரைவாசிப் பேர் நித்திரை. மற்றவர்கள் நித்திரை போலக் கிடப்பதில் கெட்டிக்காரர். உச்சி நேரம். ஊர்காவற்றுறைத் துறையடி வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது. காகம்கூட வாய் திறக்காத அந்த நேரத்தில் ஒருவர் இருமினால் கடற்கோட்டை வரைக்கும் கேட்கும்.

ரீச்சர் நுனிக்காலில் நடந்து பின்னறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். சேலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி குனிந்து நின்று, இருமினாள், இருமினாள், இருமிக்கொண்டே நின்றாள்.

அந்த அறையில் ஒரு காலத்தில் அப்புத்துரை முதலாளி புகையிலைச் சிப்பங்களை அடுக்கி வைத்திருந்தார். சிப்பங்கள் போய், முதலாளியும் போய்ப் பதினேழு வருசம். புகையிலைத் தூள் மட்டும் போகவில்லை. நிலத்திலும் சுவரிலும் மூலை முடக்கிலும் கறுத்த மாவாக அப்பிக் கிடந்தது. ஒரு இருமலை மறைக்க அங்கே போகிறவள் மூன்று இருமலோடுதான் திரும்புவாள். ரீச்சருக்கும் அது விளங்காமல் இல்லை. ஆனால் அந்த வீட்டில் கதவு உள்ள அறை அது ஒன்றுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், நாலு வயது மனோகரி பாயில் எழும்பிக் குந்தியிருக்கிறாள்.

"ரீச்சர், உள்ளுக்கை ஆர் இருமினது?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. காத்து."

"காத்துக்குத் தடிமனே?"

"படு பேசாமல்."

"நீங்கள் போகேக்கையும் இருமேல்லை, வரேக்கையும் இருமேல்லை. அப்ப உள்ளுக்கை வேறை ஆரோ இருக்கினம்."

ரீச்சரின் கண் தானாகச் சுவரில் ஏறியது. அங்கே அப்புத்துரை முதலாளி, விரலிடுக்கில் சுருட்டோடு, கறையான் அரித்த சட்டத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனோகரியின் கண்ணும் பின்னாலேயே ஏறிப் போனது.

"ஓ," என்றாள் பிள்ளை. "இவரே?"

அந்த இடத்தில் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். ரீச்சர் சொன்னது வேறு.

"சத்தம் போட்டால் அவருக்குக் கோவம் வரும். படு."

இவளுக்கு ஏன் இந்தக் கள்ளம் என்று கேட்பீர்கள். நாகபூசணியின் ஐயா பரமலிங்கம் சரவணைக் கிராமத்தில் கசம் என்கிற காசநோய் வந்து செத்தவர். அப்போது இவளுக்கு ஒன்பது வயது. ஐயாவுக்கு ஒரு கோப்பை, ஒரு பாய், கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மூலை என்று பிரித்து வைத்ததை இவள் பார்த்தாள். அவர் செத்து நாலு வருசத்துக்குப் பிறகும் அந்த வீட்டில் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. பேசி வந்த கலியாணம் இரண்டும் படலையோடு திரும்பிப் போயின. அதனால்தான் அவள் ஊரை விட்டுத் துறையடியில் ஒரு அறை எடுத்துத் தனியே இருந்தாள். முப்பத்தாறு வயதில் அவளுக்கு என்று இருந்தது இந்தப் பிள்ளைகள் பள்ளி ஒன்றுதான்.

அதுவும் முந்தி இருந்தது போல இல்லை. போன வருசக் கலவரத்தோடு கொழும்பிலிருந்து கப்பலில் வந்த சனம் வந்து சேர, இருபத்திரண்டு பிள்ளை நாற்பத்துமூன்று ஆயிற்று. தாய்மார் இறால் உரிக்க வாடிக்கும் ஆசுப்பத்திரி கூட்டவும் போய்விடுவார்கள். கஞ்சி காய்ச்ச றோசம்மா. மற்ற எல்லாவற்றுக்கும் ரீச்சர். மூக்குத் துடைக்க, சண்டை தீர்க்க, பாட, ஆட, சத்தி எடுத்தால் அள்ள. பிள்ளைகளுக்கு வருகிற கண்நோ, கூவைக்கட்டு, தடிமன் எல்லாம் முதலில் ரீச்சரிடம் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குப் போகும். காலையில் அவளுக்கு வெறும் தேத்தண்ணி. மத்தியானம் கஞ்சிப் பானையின் அடி. அடி மிஞ்சாத நாளில் அதுவும் இல்லை.

மாதம் ஒருமுறை மிட்வைஃப் சறோஜினிதேவி வந்து, முகட்டு வளையில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக மாட்டி நிறுத்து, அட்டையில் புள்ளி வைப்பாள். ஆனி மாத நிறுவை முடிந்த அன்று அவள் தராசைக் கழற்றாமல் நின்றாள்.

"எல்லாரையும் நிறுத்தாச்சு. ரீச்சரை ஆர் நிறுக்கிறது?"

"என்னை மாட்டினால் உங்கடை தராசு அறுந்துபோம் மிஸி."

"உமக்கோ? அந்தச் சேலைக்குள்ளை ஆள் இருக்கோ எண்டே சந்தேகமாக் கிடக்கு. எத்தினை நாளாய் இந்த இருமல்?"

"எந்த இருமல்?"

"பெரியாசுப்பத்திரியிலை நெஞ்சு பாக்கிற இடத்துக்கு ஒருக்காப் போட்டு வாருமன். சளியைச் சோதிச்சால் முடிஞ்சுது."

ரீச்சரின் முகம் செத்துப் போயிற்று. "மிஸி, கசக்காரர் இருக்கிற அந்த வாங்கிலை நான் இருக்கிறதை ஒரு ஆள் கண்டால் காணும். அடுத்த நாள் இஞ்சை ஒரு பிள்ளை இராது. எனக்கு ஒண்டுமில்லை. விடுங்கோ."

மிட்வைஃப் விட்டுவிட்டாள். அல்லது விட்டது போலத் தராசை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

இனி முதலாளியிடம் வருவோம். மனோகரி தாயிடம் சொன்னாள். தாய் கிணற்றடியில் சொன்னாள். பொழுது படுவதற்குள் அப்புத்துரை முதலாளி இருமியது மட்டுமல்ல, சுருட்டுக்கு நெருப்புக் கேட்டதாகவும் கதை வந்துவிட்டது. இந்தத் துறையடியில் ரகசியம் வைத்திருக்க விரும்புகிறவர் கடலுக்கு நடுவே போய்த்தான் வைக்க வேண்டும்; அங்கேயும் வள்ளக்காரர் யாராவது கண்டுவிடுவார்.

அடுத்த நாள் வந்த பிள்ளைகள் இருபத்தொன்பது.

ரீச்சர் வாசலுக்கு ஓடினாள். பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மாரை மறித்து, "முதலாளி நல்ல மனிசன். சும்மா காவலுக்கு வந்து நிக்கிறார். பிள்ளையளை ஒண்டும் செய்யார்," என்றாள்.

பயத்தை ஆற்றச் சொன்ன அந்தச் சொல் பயத்துக்கு ஆள் சாட்சி ஆயிற்று. ரீச்சரே ஒப்புக்கொண்டுவிட்டா! மத்தியானம் பதினொரு பெண்கள் பேய் கேட்க வந்து விறாந்தையில் வரிசையாக இருந்தார்கள். முன்னுக்கு இருந்தது மாதர் சங்கத் தலைவி பிலோமினம்மா. வாசலில் அவள் இருந்தால் வெளிச்சம் உள்ளே வர வேறு வழி பார்க்க வேண்டும். ஊரில் மூன்று பேர் சேர்ந்து நின்றால் நாலாவது ஆள் அவள்தான்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை. சோளகக் காற்று ஓட்டுக்கு அடியில் புகுந்து ஊளையிட்டது. பெண்கள் பின்னறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீச்சரின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று பிறாண்டத் தொடங்கியது. விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். மூச்சைப் பிடித்தாள். கடைசியில் எழும்பிவிட்டாள்.

"நான் ஒருக்கா உள்ளுக்கை போய்ப் பாத்திட்டு வாறன்."

"ஐயோ ரீச்சர், வேண்டாம்!"

போய்க் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். வெளியே பதினொரு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். "மாதாவே! ரீச்சர் போனதும் அந்தாளுக்கு எவ்வளவு கோவம் எண்டு பாருங்கோ!"

திரும்பி வந்தபோது ரீச்சரின் கண் சிவந்து, முகம் வேர்த்துக் கொட்டியது.

"என்ன சொன்னவர்?" என்றாள் பிலோமினம்மா.

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

"சேலைத் தலைப்பு ஈரமாக் கிடக்கு?"

"பயத்திலை கடிச்சுப்போட்டன்."

பிலோமினம்மா அந்தத் தலைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓம்," என்றாள். "கடிச்சிருப்பீர்."

மாதர் சங்கம் கூடியது. அடுத்த செவ்வாய் பேய் பிசாசுக்குப் பார்வை பார்த்து மந்திரிக்கிற குழந்தைவேலுவைக் கூட்டி வந்தார்கள். குழந்தைவேலர் பெரிய ஆள். எட்டு வருசத்துக்கு முன் எலும்பும் தோலுமாக யாழ்ப்பாணம் போய், பல மாதம் "தவம்" இருந்துவிட்டுச் சதையோடு திரும்பி வந்தவர். எங்கே தவம் இருந்தார் என்று அவரும் சொன்னதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய மந்திரத்துக்கு மவுசு.

அவர் பின்னறைக் கதவைத் திறந்து ஒருதரம் மூக்கை உறிஞ்சினார். மூடினார். அதோடு அறையை விட்டுவிட்டு ரீச்சருக்கு முன்னால் வந்து நின்றார்.

"கண்ணைக் காட்டும்."

கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"இராவிலை வேர்க்கிறதோ?"

"பேய் அறைக்குள்ளை எல்லோ? என்னை ஏன் பாக்கிறியள்?"

"பேய் எங்கையும் இருக்கட்டும். அதின்ரை மூச்சு எங்கை ஏறியிருக்கெண்டு பாக்கவேணும்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பின்னேரத்திலை மேல் காயிறதோ பிள்ளை?"

காய்ந்தது. ஒரு மாதமாகப் பின்னேரமானால் காய்ச்சல். அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. பேயை உண்டாக்கியது தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். இல்லாத பேயைப் பற்றி இந்த மனிசனுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

குழந்தைவேலர் விறாந்தை நடுவே நின்று கட்டளை போட்டார். அந்த அறையைப் பூட்டித் திறப்பைப் பிலோமினம்மா வைத்திருக்க வேணும். ரீச்சர் இனி அதற்குள் கால் வைக்கப்படாது. வெண்கட்டித் தூள் முதலாளிக்கு ஆகாது, எழுத்தெல்லாம் மணலில் விரலால் எழுதிக் காட்டலாம். கூட்டுவதென்றால் தண்ணீர் தெளித்துக் கூட்ட வேணும். கஞ்சி அடுப்பு வீட்டோடு இருக்கப்படாது, புகை கண்டால் அவர் சுருட்டு என்று நினைத்து எழும்பி வருவார். றோசம்மா அடுப்பைப் பூவரச மரத்தடிக்குக் கொண்டுபோகட்டும்.

"வேறை?" என்றாள் பிலோமினம்மா, ஏதோ கடைச் சாமான் கேட்பது போல.

"உச்சி நேரத்திலை நிமிர்ந்து இருக்கிற ஆளைத்தான் அவர் பிடிப்பார். பிள்ளையள் படுக்கேக்கை ரீச்சரும் படுக்கவேணும், ஒரு மணித்தியாலம். முறை வைச்சு ஒரு தாய் வந்து காவல் இருக்கட்டும்."

"காவல் இருக்கிற ஆளைப் பிடியாரோ?" என்று றோசம்மா கேட்டாள்.

"பிள்ளை பெத்தவையைப் பிடியார்," என்றார் குழந்தைவேலர், கண்ணைச் சிமிட்டாமல்.

முதலாளிக்குப் படையலும் உண்டு. படத்துக்குக் கீழே ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, உள்ளே முக்காலியில் நாளும் அவித்த முட்டை ஒன்றும் ஒரு செம்பு ஆட்டுப்பாலும் வைக்க வேண்டும். திரைக்குள் ரீச்சரைத் தவிர ஒருவரும் போகப்படாது.

முதல் நாள் ரீச்சர் திரைக்குள் போனாள். முட்டை இருந்தது. உப்பும் மிளகும் தூவி, இரண்டாக வெட்டி. முதலாளி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் குடித்த தேத்தண்ணி வயிற்றுக்குள் எங்கே என்று தேடவேண்டிய நிலை. "கோவியாதையுங்கோ," என்று படத்துக்குச் சொல்லிவிட்டு வாய்க்குள் போட்டாள். பாலையும் குடித்தாள். பிறகுதான் வெறும் தட்டைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"திண்டிட்டார்!" என்று றோசம்மா போட்ட கூச்சலுக்குத் தெருவே திரண்டது.

அடுத்த நாள் இரண்டு முட்டை வந்தது. தின்னாமல் விட்டால் முதலாளி கோபித்துவிட்டார் என்று பிள்ளைகள் நின்றுவிடும். தின்றால் அவருடைய பசி நாளுக்கு நாள் கூடுகிறது. ரீச்சர் தின்றாள். மூன்றாம் கிழமை முருங்கையிலைச் சுண்டலும் சூடை மீன் தீயலும் வந்தன. எந்தப் பேய் முருங்கையிலை கேட்கும் என்று அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. வெள்ளிக்கிழமை திரையை விலக்கினால் முட்டையும் இல்லை, மீனும் இல்லை. பருப்பும் கீரையும் தயிரும். வெள்ளியில் மச்சம் தொடாதவள் நாகபூசணி. ஆனால் அப்புத்துரை முதலாளி உயிரோடு இருந்தபோது வெள்ளிக்கிழமையிலும் நண்டுக் காலை உறிஞ்சின மனிசன். செத்தபின் விரதம் பிடிக்கத் தொடங்கிவிட்டார் போலும்.

சிரிக்க வேண்டிய விசயம்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது என்ற எண்ணம் மெல்ல மெல்லப் பிடரியில் வந்து குந்தியது.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நாற்பத்துமூன்றும் வந்தாயிற்று. ரீச்சருக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதையும் வந்தது. இருமல் குறைந்ததே தவிர, போய்விடவில்லை. பூட்டிய அறைக்குள் போக வழியில்லாததால், வருகிற இருமலைத் தலையணைக்குள் புதைத்தாள். மத்தியானம் இரண்டு முறை, பிடித்தால் ஒரு முறை. அது போதும். இப்படியே இருந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஆடி மாதம் நடுப்பகுதியில் ஒரு நாள். அன்று காவலுக்கு வந்தவள் வாசற்படியில் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லாம் மெய்யாகவே நித்திரை. காற்றுக்கூட அன்று நின்று போயிருந்தது. ரீச்சர் பாயில் நேராகப் படுத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, முகட்டு ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது.

ரீச்சர் எண்ணுவதை நிறுத்தினாள்.

மறுபடியும் கேட்டது. இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட இருமல், கடைசியில் மூச்சு இழுபடுகிற ஒரு மெல்லிய கீச்சு. அவளுக்கு அந்த இருமலைத் தெரியும். தலையணைக்குள் தினமும் புதைக்கிற இருமல் அதுதான். அதற்கும் முன்னால், கொட்டிலுக்குப் பின் மூலையிலிருந்து ஒன்பது வயதில் அவள் கேட்ட இருமலும் அதுதான். அவளுடைய வாய் மூடியிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

பக்கத்துப் பாயில் மனோகரி கண்ணை விழித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"ரீச்சர்," என்று குசுகுசுத்தாள். "இப்ப நீங்கள் வெளியிலைதானே?"

ரீச்சர் எழும்பிப் போய்ப் பூட்டைப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. கதவுக் கீலில் சிலந்தி கட்டிய வலைகூட அறுபடவில்லை. உள்ளே கடல் பக்கத்து யன்னல் பலகை மட்டும் ஒருதரம் மெல்ல அடித்து ஓய்ந்தது.

அன்று பின்னேரம் அவள் தானாகவே குழந்தைவேலரைத் தேடிப் போனாள். மறுநாள் றோசம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போய், ஒரு சொல் பேச ஏலாமல் கைப்பாசை காட்டிக்கொண்டு திரிந்ததை அவள் கவனிக்கும் நிலையில் இல்லை.

குழந்தைவேலர் எதிர்பார்த்து இருந்தவர் போலச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பக்கத்தில் பிலோமினம்மா.

"ஏறிட்டுது," என்றார் அவர். "நான் நினைச்சது சரி. அறையிலை இருந்து உம்மடை நெஞ்சுக்கை ஏறிட்டுது."

"இறக்கேலாதோ?" என்றாள் ரீச்சர். "எனக்குச் சாகப் பயமில்லை ஐயா. ஆனால் என்ரை மூச்சிலை இருந்து பிள்ளையளுக்கு ஏறியிருந்தால்? நாப்பத்திமூண்டும் என்ரை முகத்துக்கு முன்னாலை எல்லோ நிக்குதுகள்?"

பிலோமினம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இறக்கலாம்," என்றார் குழந்தைவேலர். அலுமாரியைத் திறந்து அகன்ற வாயுள்ள சின்னப் போத்தில்கள் மூன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கடதாசி ஒட்டி ஏதோ எழுதியிருந்தது. மந்திர எழுத்து ஒருவருக்கும் விளங்கக்கூடாது என்பது விதி. இது அந்த விதிக்கு ஒரு கோடுகூடத் தவறவில்லை. "மூண்டு நாள். விடியப்புறம் எழும்பி, வாயைக் கொப்பளிச்சுப்போட்டு, ஒண்டும் தின்னாமல் குடியாமல், அடி நெஞ்சிலை இருந்து இருமி இதுக்குள்ளை துப்பவேணும். வெறும் எச்சிலைத் துப்பினால் அது ஏமாத்திப்போடும். உள்ளுக்கை ஊறிக் கிடக்கிறது வெளியிலை வரவேணும்."

"துப்பினால்?"

"மூடியை இறுக்கிப் பூட்டிப்போட்டுப் பிலோமினம்மாட்டைக் குடும். வெய்யில் ஏற முன்னம் அது பண்ணைக் கடல் தாண்டவேணும்."

மூன்று விடியற்காலையும் ரீச்சர் கிணற்றடியில் நின்று, பல நாளாக மறித்து வைத்த இருமலை முழுவதுமாக இருமினாள். மறைக்காமல் இருமுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று விடியற்காலையும் பிலோமினம்மா போத்திலைத் துணியால் சுற்றிப் பனையோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு முதல் பஸ் ஏறினாள். பேய் போகிற பஸ் என்று ஊர் முழுக்கத் தெரியும். அவளுக்குப் பக்கத்துச் சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை. முன் சீற்றிலும் பின் சீற்றிலும்கூட இல்லை. கொண்டக்டர் சவிரிமுத்து எட்டத்தில் நின்று கேட்டான்.

"அக்கா, உதுக்கு ரிக்கற் அரையோ முழுசோ?"

"இறங்கேக்கை அதிட்டையே கேள்."

அதற்குப் பிறகு அவன் வேலணை தாண்டும் வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்று நாளும் பிலோமினம்மா கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் வந்தாள்.

பேய் போனபின் பத்து நாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் திரைக்குள் முட்டை வருவது நிற்கவில்லை. "போன பேய் திரும்பி வந்து பாத்தால் வெறுந்தட்டு இருக்கப்படாது," என்றாள் பிலோமினம்மா.

ரீச்சருக்கு அதுதான் தாங்க முடியாமல் போயிற்று. இறால் வாடியில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற பெண்கள், தங்கள் பிள்ளைக்கு வைக்காத முட்டையைப் பேய்க்கு வைக்கிறார்கள். அதைத் தின்கிறவள் தான். நெஞ்சுக்குள் இருந்தது போத்திலில் போயிருந்தால் போகட்டும். இந்தப் பொய் எந்தப் போத்திலில் போகும்? அது கசமாகவே இருந்தால், இவர்கள் பிள்ளைகளைக் கையில் தந்துவிட்டு ஒன்றும் தெரியாமல் இருக்கிறார்களே. பள்ளி போனால் போகட்டும். சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

ஆவணி மாத நிறுவை நாள் வந்தது. வளையில் தொங்குகிற தராசோடு, சங்கக்கடையில் மா மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்றையும் மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தாள் மிட்வைஃப். பிள்ளைகள் முடிந்ததும் அதைக் கையால் காட்டினாள்.

"ஏறும் ரீச்சர்."

இந்த முறை நாகபூசணி மறுக்கவில்லை. ஏறினாள். மேலே ஏறி நின்றபோது விறாந்தையில் நின்ற தாய்மார் எல்லாருடைய முகமும் தெரிந்தது. சுவரில் முதலாளி சுருட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் இன்னொரு நாள் வராது.

"நான் ஒண்டு சொல்லவேணும்," என்றாள். "கேட்டாப் பிறகு நீங்கள் உங்கடை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாம். இந்த வீட்டிலை பேய் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. அறைக்குள்ளை போய் இருமினது நான்தான். ரெண்டு மாதமாய்ப் படையலைத் திண்டதும் நான்தான். என்ரை ஐயா கசத்திலை செத்தவர். எனக்கும் அதுதான் எண்டு பயந்து, உங்கள் எல்லாரையும் பேய்க்காட்டிப்போட்டன்."

சொல்லி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூச்சல் வரும் என்று நின்றாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிற கால் சத்தம் வரும் என்று நின்றாள்.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். பிலோமினம்மா ஒரு பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தாள். றோசம்மா, தொண்டை திறந்து பல நாள் ஆகியும், சொல்ல ஒன்றும் இல்லாதவள் போலப் பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றத் தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திடுக்கிட்ட முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.

"அசையாமல் நில்லும் ரீச்சர், முள்ளு ஆடுது," என்றாள் மிட்வைஃப், பைக்குள்ளிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து அட்டையோடு குத்திக்கொண்டே. "உம்மடை மூண்டு போத்தில் பேயையும் பெரியாசுப்பத்திரியிலை பூதக்கண்ணாடிக்குக் கீழை வைச்சுப் பாத்தாச்சு, கசக் கிருமி ஒண்டும் இல்லையாம், மிச்சம் கிடக்கிற பட்டினி வருத்தத்துக்குத்தான் முட்டை."